இலைக்குச் சட்டம் உண்டு, குருதிக்கு இல்லை: மரபணு ஆய்வுகளும் ஒடுக்கப்பட்டோரின் ஒப்புதலும்

கல்வராயன் மலையில் விளையும் ஒரு மூலிகையை வணிக நோக்கில் எடுத்துச் செல்ல விரும்பும் நிறுவனம், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். வெளிநாட்டு நிறுவனமாயின் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. உள்நாட்டு நிறுவனமாயின் மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைக்கும் பலனில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் அச்சட்டம் ஏற்கிறது. 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தின என்பது உண்மையே. ஆயினும் ஓர் இலைக்கு உரிமை கோர ஒரு சட்டம் இருக்கிறது.

அதே மலையில் வாழும் ஒருவரின் கையிலிருந்து எடுக்கப்படும் 5 மில்லி குருதிக்கு அத்தகைய சட்டம் இல்லை. மேற்சொன்ன சட்டத்தின் வரையறைப் பிரிவே ‘மனித மரபணுப் பொருள் இதில் அடங்காது’ என்று விலக்கி வைத்திருக்கிறது. மனிதரை வளம் என்று கருதக்கூடாது என்னும் அளவில் அந்த விலக்கு நியாயமானது. ஆனால் விலக்கிய இடத்தை நிரப்ப நாடாளுமன்றம் இதுவரை வேறு தனிச்சட்டம் எதையும் இயற்றவில்லை.

கேரளத்து அகத்தியமலைப் பகுதியின் காணிக்காரர்கள் காட்டிய ஒரு செடியிலிருந்து 1990-களில் ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவானபோது, உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்குத்தொகையிலும் பாதி அம்மக்களுக்கு என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில் குறைகள் இருந்தன. இருந்தும் அது ஒரு முன்மாதிரி. அவர்கள் காட்டிய செடிக்குக் கிடைத்த மதிப்பு, அவர்களைப் போன்ற மக்களின் உடலுக்குக் கிடைத்திருக்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

கொடுப்பவர் ஒருவர், படிக்கப்படுவது ஒரு சமூகம்

மரபணு ஆய்வுக்கான மாதிரி என்பது குருதி, எச்சில், முடிவேர், திசு என எதுவாகவும் இருக்கலாம். அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டெண் ஒட்டப்பட்டு, உறைகுளிர்ப் பெட்டிகளில் பாதுகாக்கப்படுகிறது. இவ்வாறு மாதிரிகளைச் சேமிக்கும் நிலையமே உயிரி வங்கி. முறையாகக் காக்கப்பட்டால் ஒரு மாதிரி பல பத்தாண்டுகள் நிலைக்கும். சில ஆய்வகங்கள் குருதியணுக்களைத் தொடர்ந்து பெருகும் அணுவரிசையாகவே மாற்றிக்கொள்கின்றன. கொடுத்தவர் இறந்த பின்னும் அது பெருகும். அதிலிருந்து எழுதியெடுக்கப்படும் தரவு கணினியில் நகலாகி எல்லைகளைக் கடக்கும். குருதியைத் திருப்பிக் கேட்கலாம். பரவிய தரவைத் திருப்பிக் கேட்பது கடினம்.

மற்ற மருத்துவப் பரிசோதனைகளிலிருந்து இதை வேறுபடுத்தும் ஒரு கூறு உண்டு. சர்க்கரை அளவைச் சோதித்தால் தெரிவது ஒருவரின் உடல்நிலை. டி.என்.ஏ.-வைப் படித்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் பற்றிய செய்தியும் அதில் சேர்ந்தே வெளிப்படும். தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட குழுவில் அந்தச் செய்தி குழு முழுமைக்கும் நீள்கிறது.

இந்தியச் சமூகங்கள்மீது உலக மரபணு ஆய்வாளர்களுக்கு இவ்வளவு ஆர்வம் ஏன் என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணமே என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். நூறாண்டு கழித்து ஆய்வகங்கள் படிப்பது அந்த அகமணத்தின் தடத்தைத்தான். மூடிய குழுக்களில் சில அரிய நோய்க்கூறுகள் குவிந்திருக்கும்; எளிதில் கண்டறியலாம். சாதி எழுப்பிய சுவர் ஆய்வாளருக்கு ஒரு வசதியாகிறது. சுவருக்குள் வைக்கப்பட்டவர்களுக்கு அந்த ஆய்வால் என்ன கிடைத்தது என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான செயலாகாது.

மூக்கை அளந்த காலம்

உடலை அளந்து சாதிக்கு இலக்கணம் எழுதும் பழக்கம் டி.என்.ஏ.-வுடன் தொடங்கியதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் சேர்ந்தவர்களின் தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்தார். அவர் தொகுத்த 7 தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்றார். அளக்கப்பட்டவர்களிடம் எவரும் ஒப்புதல் கேட்டதாக அந்தக் காலத்து ஆளுகை முறை எதிர்பார்க்கவுமில்லை.

1948-இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அம்பேத்கர் இதே மூக்களவுப் புள்ளிவிவரங்களை எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனத்தவர் என்ற கூற்று அந்த அளவுகளாலேயே பொய்க்கிறது என்று காட்டினார். தரவைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை. தரவைப் படிக்கும் உரிமையைத் தம் கையில் எடுத்தார். இன்றும் நமக்கு வழிகாட்டும் நிலைப்பாடு இதுவே.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. 2022-இல் ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் இந்தியாவில் ‘இனத் தூய்மை’யை மரபணு வழியே ஆராய நிதி ஒதுக்குவதாக ஒரு நாளிதழில் செய்தி வந்தது. அமைச்சகம் அச்செய்தியை மறுத்தது. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் அறிஞர்களும், இனத் தூய்மை என்னும் கருத்துக்கே அறிவியல் அடிப்படை இல்லை என்று திறந்த மடல் எழுத நேர்ந்தது.

நீலகிரியில் எடுத்த குருதி

தமிழ்நாட்டில் இதன் முதன்மையான சான்று நீலகிரியில் இருக்கிறது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியை ஆராய்ந்து, அரிவாள் செல் பண்பு அவர்களிடம் இருப்பதை வெளியிட்டனர். இந்தியாவில் அந்நோய் பற்றி வெளிவந்த முதல் பதிவுகளுள் அது ஒன்று. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து நாளங்களை அடைக்கும் இந்நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் தாங்க முடியாத வலி, தொற்று, இளவயது இறப்பு என வாழ்க்கையையே குலைக்கும்.

கண்டுபிடிப்பு உலக மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது. பல ஆய்வுகளுக்கு அடித்தளமானது. அதே மக்களுக்கான சிகிச்சையோ மெல்ல மெல்லத்தான் வந்தது. கூடலூரில் 1990-இல் ஆதிவாசி மக்களுக்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனை போன்ற முயற்சிகள் பழங்குடிச் செவிலியரைப் பயிற்றுவித்து ஒரு பகுதி இடைவெளியை நிரப்பின. நாடு தழுவிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது 2023 ஜூலை 1-இல். இடையில் கழிந்தவை 71 ஆண்டுகள். குருதி எடுத்தவர்களின் நேர்மையை இங்கு நாம் ஐயுறவில்லை. எடுப்பதற்கு இருந்த வேகம் கொடுப்பதற்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.

மதுரையிலிருந்து உலக வரைபடம் வரை

2005-இல் நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டியும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து ‘ஜெனோகிராபிக்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. உலக மக்களின் இடப்பெயர்வு வரலாற்றை டி.என்.ஏ. வழியே வரைவது அதன் நோக்கம். இந்தியாவுக்கான ஆய்வு மையமாக மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருந்தது. அதன் பயனாகத் தமிழ்நாட்டின் 12 பழங்குடிக் குழுக்களையும் 19 பிற சாதிக் குழுக்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்த கட்டுரை 2012-இல் வெளிவந்தது. இக்குழுக்களிடையேயான வேறுபாடு 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மைப் பரவலோடு ஏற்பட்டது என்றும், பார்ப்பன வருகையோடு வந்த வருண முறையின் மரபணுத் தாக்கம் குறைவு என்றும் அது கூறியது.

அடுத்த ஆண்டே, ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் முழு மரபணுத் தொகுதியை வைத்துச் செய்த ஆய்வு, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியக் குழுக்களிடையே கலப்பு பரவலாக நடந்தது, அதன்பின் அகமணம் இறுகியது என்று சொன்னது. ஒய் குரோமோசோம் தந்தைவழியை மட்டுமே காட்டும். முழுத் தொகுதி இரு வழிகளையும் காட்டும். எந்தப் பகுதியைப் படிக்கிறோம், யாருடைய மாதிரியைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வரலாறு வேறு வடிவில் தெரிகிறது. இம்முடிவுகளில் ஒன்றை மட்டும் பிடுங்கி ‘சாதி இயற்கையானது, தொன்மையானது’ என்று மேடையேற்றுவது எளிது. அவ்வாறு நேர்ந்தால் அதன் சுமையைத் தாங்குவோர் மாதிரி கொடுத்த சமூகத்தினரே.

இத்திட்டம் மருத்துவ ஆய்வு செய்வதில்லை, காப்புரிமை கோருவதில்லை என்று அறிவித்திருந்தது. அது வரவேற்கத்தக்க உறுதிமொழி. ஆயினும் 2006-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பழங்குடி விவகாரங்களுக்கான நிரந்தர மன்றம் இத்திட்டத்தை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டது. அந்த அச்சத்துக்கு முன் அனுபவம் இருந்தது. பாப்புவா நியூ கினியின் ஹகஹாய் மக்களுள் ஒருவரின் குருதியிலிருந்து உருவாக்கிய அணுவரிசைக்கு 1995-இல் அமெரிக்க அரசு நிறுவனம் காப்புரிமையே பெற்றது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 1996-இல் அது கைவிடப்பட்டது.

நீரிழிவுக்கென்று வாங்கிய மாதிரி

சேமிப்பில் உள்ள மாதிரியை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதே இத்துறையின் மிகப் பெரிய அறச்சிக்கல். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் குருதி பெற்றனர். நீரிழிவுக்குத் தீர்வு வரும் என்றே மக்கள் கையை நீட்டினர். ஒப்புதல் படிவத்திலோ பொத்தாம்பொதுவான சொற்கள் இருந்தன.

2003-இல் அச்சமூகத்துப் பெண் ஒருவர் அப்பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு ஒன்றுக்குச் சென்றபோதுதான், அந்த மாதிரிகள் வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது வெளிப்பட்டது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவு மணம், ஆசியாவிலிருந்து இடம்பெயர்ந்த வரலாறு ஆகியன அந்த ஆய்வுகளின் பொருள்கள். பள்ளத்தாக்கே தம் பிறப்பிடம் என்று நம்பும் மக்களுக்கு, அந்த நம்பிக்கையை மறுக்கும் ஆய்வு அவர்களின் குருதியைக் கொண்டே, அவர்கள் அறியாமல் செய்யப்பட்டது. 2004-இல் வழக்குத் தொடுத்தனர். 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7,00,000 டாலர் வழங்கவும் எஞ்சிய மாதிரிகளைத் திருப்பித் தரவும் இணங்கியது.

அங்கு நடந்தது இங்கு நடக்காது என்று சொல்ல எந்தத் தடுப்பு இருக்கிறது? நம் ஊரில் ஒருவர் கையெழுத்திட்ட படிவத்தில் ‘எதிர்கால ஆய்வுகளுக்கும்’ என்ற ஒரு சொற்றொடர் இருந்தால், அவருடைய குருதி எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் என்பதை அவர் அறிய வழியில்லை.

வழிகாட்டு நெறிகள் சொல்வதும் சொல்லாததும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டுதல்கள் உயிரி வங்கிகளுக்குத் தனி இயலையே ஒதுக்கியுள்ளன. செயற்பாட்டாளர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். மாதிரிக்கு உரியவர் அதைக் கொடுத்தவரே. வங்கியும் நிறுவனமும் காப்பாளர் மட்டுமே என்கிறது அது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

பழங்குடி மக்களிடையே செய்யும் ஆய்வுக்கு அது மேலும் சில நிபந்தனைகளை விதிக்கிறது. நோய் கண்டறிதல், தடுப்பு, சிகிச்சை ஆகியவற்றில் அம்மக்களுக்கு உரிய பலன் இருந்தால் மட்டுமே ஆய்வு நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது பழங்குடி நல ஆணையர் போன்றோரின் அனுமதி பெற வேண்டும். ஊர்ப் பெரியவர்களையும் அம்மக்களின் பேச்சுமொழி அறிந்தவர்களையும் கலந்து, சாட்சியின் முன்னிலையில் ஒப்புதல் பெற வேண்டும். ஊர்த்தலைவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புதல் பெறுவது கட்டாயம்.

சொற்களில் குறையில்லை. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, இவை வழிகாட்டுதல்கள். நெறிக்குழுக்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இன் மருந்து ஆய்வு விதிகள் சொன்னாலும், ஒரு சமூகம் தன் பெயரால் சென்று முறையிடவும் தீர்வு பெறவும் தனிச்சட்டம் இல்லை. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பெயருக்கேற்பத் தனிநபரையே அறியும். ஆய்வுப் பயன்பாட்டுக்கு விலக்கும் அளிக்கிறது. மரபணுத் தரவுக்கென்று தனிப் பாதுகாப்பு அதில் இல்லை.

இரண்டாவது, ஒப்புதல் பெறப்படும் சூழல். முந்தைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பழங்குடிச் சிறுமியர் பல்லாயிரம் பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டத்தின்கீழ் ஊசி போடப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர். 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியின் தரம் பற்றிய வாதம் வேறு. பிள்ளைகளின் உடலுக்கு விடுதி நிர்வாகம் உரிமையாளராகிவிட்டது என்பதே இங்கு நமக்குப் பாடம்.

கல்வராயன் மலைக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். 1976-இல்தான் ஜாகிர்தார்களின் ஆளுகை முடிவுக்கு வந்த மலை இது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுக்கும் நிலையே நீடித்தது. சாலைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அதிகாரியின் முகத்தைப் பார்த்து நிற்கும் மக்களிடம், அதே அதிகாரியோடு வரும் ஆய்வுக்குழு படிவத்தை நீட்டினால் ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிதா? உண்டு உறைவிடப் பள்ளி மாணவர் ஆசிரியர் முன்னிலையில் மறுக்க முடியுமா? களமருதூர் போன்ற சமவெளி ஊர்களின் சேரிகளிலும் நிலைமை பெரிதும் வேறுபடாது. மறுக்க முடியாத இடத்தில் பெற்ற சம்மதம் ஒப்புதல் ஆகாது.

காவல்துறையின் நிழல்

ஆய்வுக்கென்று கொடுத்த மாதிரி வேறு கைகளுக்குப் போகுமா என்ற அச்சமும் ஆதாரமற்றதன்று. 2022-இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைதானவர்களின் உயிரி மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் பெற வழிசெய்து, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடமளிக்கிறது. ‘குற்றப் பரம்பரை’ என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது. விசாரணையில் டி.என்.ஏ. மாதிரி கேட்கப்பட்டபோது தலித்துகள் எட்டுப் பேர் தர மறுத்தனர். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிகளாக்கும் முயற்சி இது என்றனர். பின்னர் நீதிமன்ற உத்தரவு வந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மக்கள் அதை ஏற்கவில்லை. இது குற்றப் புலனாய்வு, அறிவியல் ஆய்வு அன்று. ஆனால் மாதிரி கேட்டு வரும் எவரையும் ஒரு தலித் குடியிருப்பு எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதை ஆய்வாளர்கள் உணர இந்த ஒன்று போதும். ஆய்வு வங்கிகளுக்கும் காவல்துறைக்கும் இடையே உறுதியான சட்டச் சுவர் ஒன்று எழுப்பப்படும் வரை, அந்த ஐயத்தை அறியாமை என்று எவரும் தள்ளிவிட முடியாது.

மறுப்பும் ஒரு தீர்வன்று

இதையெல்லாம் கண்டு மரபணு ஆய்வையே புறக்கணிப்பது நமக்கு நன்மை செய்யாது. உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. அதை வைத்து உருவாகும் பரிசோதனைகளும் மருந்துகளும் நமக்குப் பிழையாகலாம். 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 80-க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தொகுதிகளைத் தொகுத்திருக்கிறது. தரவு ஃபரிதாபாத்திலும், குருதி மாதிரிகள் பெங்களூருவில் உள்ள உயிரி வங்கியிலும் இருக்கின்றன. இத்தொகுப்பில் தலித்துகளும் பழங்குடியினரும் விடுபட்டால் நாளைய மருத்துவத்திலும் விடுபடுவோம்.

அரிவாள் செல் இயக்கம் தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்துள்ளது. நோயாளிக்கு மருந்து கிடைத்தால் அது பெரும் பேறு. ஆனால் பரிசோதித்தவர்களுக்கு வழங்கப்படும் அட்டை, மணப்பெண்ணை ஒதுக்கும் முத்திரையாக மாறக்கூடாது. பண்பு மட்டும் உடையவர் நோயாளி அல்லர் என்பதை அட்டையோடு சேர்த்து விளக்குவது அரசின் கடமை.

ஊர் கேட்க வேண்டிய கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், பல பத்தாண்டுகள் ஆய்வுப் பொருளாகவே நடத்தப்பட்ட பின், 2017-இல் தாமே ஓர் ஆய்வு நெறித்தொகுப்பை வெளியிட்டனர். மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை, முறை தவறாமை ஆகிய ஐந்தையும் ஏற்பவரே தம்மிடையே ஆய்வு செய்ய வரலாம் என்றனர். நம் கிராம சபைகளும் மாணவர் அமைப்புகளும் அத்தகைய நெறியை எழுதலாம். அதற்குத் தொடக்கமாகச் சில கேள்விகள்:

ஆய்வின் நோக்கம் என்ன? நம் பேச்சுத்தமிழில், படிவம் இல்லாமல் சொல்ல முடியுமா?

நெறிக்குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே? அக்குழுவில் நம் சமூகத்தை அறிந்தவர் எவரேனும் உண்டா?

மாதிரி எங்கே, எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும்? வெளிநாட்டுக்குப் போகுமா?

வேறோர் ஆய்வுக்குப் பயன்படுத்த நேர்ந்தால் மீண்டும் வந்து கேட்பீர்களா?

கட்டுரையில் எங்கள் சாதிப் பெயர், ஊர்ப் பெயர் வருமா? அச்சாகுமுன் எங்களுக்குப் படித்துக் காட்டுவீர்களா?

நோய் கண்டறியப்பட்டால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு?

வணிகப் பலன் வந்தால் எங்கள் பங்கு என்ன? விலக விரும்பினால் மாதிரி அழிக்கப்படுமா, திருப்பித் தரப்படுமா?

காவல்துறையோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால் என்ன செய்வீர்கள்?

மறுத்தால் எங்கள் ரேஷனுக்கோ சிகிச்சைக்கோ கல்விக்கோ இடையூறு வராது என்று எழுத்தில் தருவீர்களா?

இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்று, அதன் நகலை ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிய வேண்டும். தனிமனித ஒப்புதலோடு சமூக ஒப்புதலையும் கட்டாயமாக்கும் மரபணுத் தரவுச் சட்டம் வேண்டும் என்பது நம் அரசியல் கோரிக்கையாக வேண்டும். உயிரியல், மானுடவியல், சட்டம் பயிலும் நம் மாணவர்கள் நெறிக்குழுக்களிலும் ஆய்வகங்களிலும் அமரும் நாள் வர வேண்டும்.

குருதி கொடுக்க நம் மக்கள் என்றும் தயங்கியதில்லை. அதில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது தம்மையும் உடன் அமர்த்த வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது.